வெளிப்பூச்சுக்கு மட்டும்

அல் தைத்துக்கு அப்பால், மணல் ஏறிய சாலை முடிகிற இடத்தில்
சுடும் சங்கத்தின் பின்னறை.
ஜன்னல் கிடையாது. ஏசி உண்டு,
அது பித்தளைக்காக.

காலையில் மேட்டடியில் பொறுக்கியவை
கழுவிக் காய்ந்து தட்டில் நிற்கின்றன.
முந்நூற்றுப் பன்னிரண்டு காலி உறைகள்,
எல்லாம் வாய் திறந்து.
ஒரு தரம் வெடித்ததில் ஒவ்வொன்றும்
மயிரிழை பருத்திருக்கிறது.
அச்சுக்குள் தள்ளி மறுபடி மெலியவைக்கணும்.
வறண்டு போனால் உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

அதற்குத்தான் ஸ்பிரே.
நேராக அடிக்காதே, சாய்த்து அடி,
கழுத்துக்குள்ளும் ஒரு தூறல் விழட்டும்.
தட்டைத் திருப்பு, இன்னொரு தரம்.
பிறகு பொறு,
ஸ்பிரிட் பறந்து நெய் மட்டும் தங்கும்வரை
ஒரு டீ குடிக்கிற நேரம்.
கூடினால் தோளில் குழி விழும்.
குறைந்தால்,
ஜோமாருக்கு இன்று நடந்ததுதான்.

நெம்புகோலை இழுத்தான். பாதி வழியில் நின்றது.
இன்னும் இழுத்தான்.
அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்தது, உடல் அச்சுக்குள்.
அவன் பாஷையில் ஒரு வார்த்தை,
என் பாஷையில் ஒரு வார்த்தை,
இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்.
துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் முறுக்கி
அதைப் பிடுங்கி எடுக்கையில் மணி மூன்று.
ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே குண்டு மட்டும் கிலுங்கியது.
புதுச் சரக்கு ஜெபல் அலியில், ஏதோ காகிதம் கேட்டு நிற்கிறதாம்.
வியாழன் மாலை விருந்தாளிகள்.

நாமே கலக்கலாம் என்றேன்.
லேனோலின் ஒரு பங்கு, ஸ்பிரிட் பன்னிரண்டு.
லேனோலின் என்றால் வேறொன்றுமில்லை, ஆட்டு ரோமத்தின் நெய்.
மழை உள்ளே இறங்காமலிருக்க ஆட்டின் தோல் சுரப்பது.
வெள்ளிச் சந்தையில் அத்தனை ஆடு நிற்கிறது,
நெய் மட்டும் மருந்துக்கடையில்.

பெயர்ப்பட்டையில் ஜின்ஸி என்றிருந்தது.
ஊதா நிறப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தாள்.
"குஞ்ஞினு எத்ர மாசம்?"

பித்தளைக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
நாலு, என்றேன்.
அது பொய்யும் இல்லை.
நாலு மாதம். திரையில் மட்டும் பார்த்த முகம்,
சிக்னல் போனால் மூக்கு முதலில் கலைகிற முகம்.

பெட்டியின் மேல் கோட்டுப்படமாய்த் தாயும் பிள்ளையும்.
கீழே சின்ன எழுத்தில்,
பாலூட்டும் மார்க்காம்பு வெடிப்புக்கு.

போன வாரம் மணப்பாட்டிலிருந்து ரெக்ஸ்லின்
வேறென்னவோ பேச்சின் நடுவே சொன்னாள்:
"வெடிச்சிருக்கு. அவன் வாய் வச்சா உயிர் போகுது."
நான் அப்போது ஓர் உறையை விளக்குக்கு நேரே பிடித்து
கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தேங்காண்ண தடவு" என்றேன்.
இருந்தது. கழிவு வாளியில் போட்டேன், டங்கென்று.
அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஆறு வருஷமாய் இந்த நெய் என் நகக்கண்ணில்.
எவ்வளவு தடவினால் பித்தளை நோகாது,
எப்போது பொறுக்கணும், எப்போது இழுக்கணும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ரெண்டு குடுங்க, என்றேன்.
ஜின்ஸியின் கண் விரிந்தது.
"அய்யோ, இரட்டையா?"

வெளியே ஜோமார் ஹாரன் அடித்தான்.
ஒன்று ஸ்பிரிட் பாட்டிலோடு பைக்குள் போயிற்று.
மற்றது சட்டைப்பையில்.
திருவனந்தபுரம் போகிற ஆள் எவனாவது
இந்த வாரம் இருப்பான், கேட்கணும்.

பிக்கப்பின் உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு.
இளகிவிடுமோ என்று
ஏசி வாயைத் திருப்பி வைத்தேன்
என் நெஞ்சுக்கு நேராக.