பத்தொன்பது மணி நேரம்

என் பொறுப்பில் ஏழு பள்ளிகள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடந்தால்
அன்றைக்கு ஐந்தரை.
சரக்கு ரயில் ஊர்ந்து முடிக்கும்வரை
ஸ்கூட்டர் சீட்டில் பதிவேடுகளை விரித்து
மணிக்கணக்கைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

இளைஞர் சாதனை விருது.
ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு கட்டம்:
சேவை, திறமை, உடற்பயிற்சி, பயணம்.
செய்த ஒவ்வொரு மணிக்கும்
ஒரு பெரியவரின் கையெழுத்து.

தலைமையகம் அனுப்பிய கையேட்டில்
கூடாரத்துக்குப் பின்னால் பைன் மரங்கள்.
நாங்கள் கூடாரம் போட்டது
தண்டையார்பேட்டைப் பள்ளியின் மொட்டைமாடியில்.
முளையடிக்க மண் ஏது,
உடைந்த பெஞ்சுகளில் கயிற்றைக் கட்டினோம்.
விடிய விடியக் கன்டெய்னர் லாரி ஹாரன்.
'இயற்கையோடு ஓர் இரவு: நீங்கள் கண்ட உயிரினம்?'
கொசு, என்று எழுதினாள் ஷப்ரீன்.
நான் அதை அடிக்கவில்லை.

கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு.
பி.டி. மாஸ்டர் ஏகாம்பரம் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்.
தையல் சொல்லித்தரும் ஜோஸ்பின் அக்கா
பெயரை எழுதிவிட்டு, 'பதவி' என்ற இடத்தில் நின்றார்.
பேனாவைக் கடித்தார்.
"டெய்லர்னே போடவாம்மா?
அளவு தப்பாம தெச்சா அதுவும் பதவிதானே."

எர்ணாவூர்ப் பள்ளியில் டெல்லிபாபு, ப்ளஸ் ஒன்.
வெண்கலத்துக்குச் சேவை முப்பது மணி வேண்டும்.
இருந்தது பதினொன்று.
மரக்கன்றுக்குத் தண்ணீர் விட்டது எட்டு,
ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுத்தது மூன்று.
மரக்கன்று இப்போது இல்லை.
எட்டு மணி நேரம் இருக்கிறது.

நடுவில் ஒரு வாரம் வெறும் வெள்ளை.
எங்கே போனாய்?
"ஆத்துல எண்ண வந்துச்சே மிஸ், அப்போ."

மாமாவின் படகில் போயிருக்கிறான்.
காலை ஏழிலிருந்து இரண்டு வரை, ஆறு நாள்.
பிளாஸ்டிக் மக்கால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றி,
நண்டு ஏறும் அலையாத்தி வேர்களைப்
பழைய நைட்டித் துணியால் துடைத்து.
மண்ணெண்ணெயில் கழுவியும்
கட்டைவிரல் நகக்கண்ணில்
இன்னமும் ஒரு கோடு கறுப்பு.

நாற்பத்திரண்டு.
மனசு கூட்டிவிட்டது, பேனா மூடியும் கழன்றுவிட்டது.
அப்புறம்தான் கையேட்டின் பதினேழாம் பக்கம்:
ஊதியம் பெற்றுச் செய்யும் எதுவும் சேவையாகாது.

கூலி உண்டா?
"உண்டு மிஸ். நாளுக்கு ஐந்நூறு."

மூடினேன்.

தப்பான விடை சொல்லிவிட்டதை
என் முகத்தில் படித்தவன்
அவசரமாகத் திருத்திக்கொண்டான்:
"ஆனா இன்னும் தரல மிஸ்!
கான்ட்ராக்டர் போனையே எடுக்கறதில்ல."

மணலிக் காற்று ஏதோ ஒரு வாடையைக் கொண்டுவர
எழுத்தர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

ஐந்து மாதம். மூவாயிரம் ரூபாய்.
வந்தால் வேலை.
வராதவரை சேவை.
நான் சொல்லவில்லை, பதினேழாம் பக்கம் சொல்கிறது.
எழுதினேன்: ஆறு சுத்தம் செய்தது.
வேண்டியது பத்தொன்பதுதான், அதை மட்டும் போட்டேன்.
மீதி இருபத்து மூன்றை எந்தக் கட்டத்தில் வைப்பது?
மேற்பார்வையாளர்: தேசப்பன், மாமா.
பதவி: படகு.

ராயபுரத்தில் விழா.
சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதம்,
ஒலிபெருக்கி கொஞ்சம் அழுதது,
சான்றிதழில் 'தில்லி பாபு' என்று அச்சாகியிருந்தது.
அவனுடைய அம்மா மீன்கூடையை
வாசலில் வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு வந்து
கடைசி வரிசையில் நின்றபடியே கைதட்டினாள்.

எல்லாரும் மிக்ஸர் பொட்டலத்துக்குப் போன பிறகு
தூண் பக்கம் ஒதுங்கி வந்தான்.
பதக்கத்தை உள்ளங்கையில் மூடிவைத்திருந்தான்.
"மிஸ், கான்ட்ராக்டர் கூப்ட்டாரு.
நாளைக்கு வரச் சொல்றாரு."
கொஞ்சம் நிறுத்தி,
"வாங்கலாமா?"

எண்ணி வாங்கு, என்றேன்.
மூவாயிரத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும்
எனக்கு போன் பண்ணு.