கதவை அறையக் கூடாத நாள்

பால், சுண்டுவிரல் பொறுக்கும் சூட்டில் இருந்தது.
ஈஸ்டை உதிர்த்துப் போட்டு
ஒரு கரண்டி சர்க்கரை தூவி
அது கண் விழிக்கட்டும் என்று காத்திருந்தபோதுதான்
செவெரின் சொன்னான்:
கெரார்டுக்குக் கொடுத்துவிட்டேன், நாலாயிரம்.

நாலாயிரம் ஸ்வோட்டி.
புது பாய்லருக்கு என்று
மாவு டப்பாவுக்குப் பின்னால் சேர்த்தது.
டார்னுவில் மார்ச் மாதம் என்றால்
ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி,
உள்ளே ஸ்வெட்டரோடு தூங்கும் இரண்டு பேர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மாவின் நடுவில் குழி பறித்தேன்.
ஆறு மஞ்சள் கரு, எலுமிச்சைத் தோலின் துருவல்,
உருகி ஆறிய வெண்ணெய்.
இருபது நிமிடம் பிசைந்தால் போதும்.
நாற்பது பிசைந்தேன்.
கோபம் யார்மேல் என்று மாவுக்குத் தெரியாது,
அடிபட அடிபட அது பட்டாகிக்கொண்டே போனது.
நான்தான் ஆகவில்லை.

கிண்ணத்தைத் துணியால் மூடி
படுக்கைக்குத் தூக்கிப் போனேன்.
இறகுப் போர்வைக்குள் கிடத்தினேன்.
வீட்டில் கதகதப்பான இடம் அது ஒன்றுதான்,
அதுவும் அவன் பக்கம்.

எந்தத் தாளிலும் எழுதாத சட்டம் ஒன்று இங்கே உண்டு:
மாவு உப்பும் வீட்டில் ஜன்னல் திறக்காதே,
தடதடவென்று நடக்காதே,
கதவை அறையவே அறையாதே,
அறைந்தால் மாவு மனம் நொந்து உட்கார்ந்துவிடும்.
பொய்யாக இருக்கலாம்.
அறைந்து பார்க்கத் துணிந்தவர் எவரும்
எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே
மூச்சுக் குரலில் சண்டை போட்டோம்.
"உன் தம்பி ஊதாரி" என்பதைக்
காற்றால் மட்டும் சொல்லிப் பாருங்கள்,
காதல் பேச்சு போலவே கேட்கும்.
"உங்கப்பன் வீட்டுக் காசா?" என்றான் அவன்,
என் காது மடலுக்கு அருகே வந்து.
பதினோரு வருடத்தில்
இவ்வளவு பக்கத்தில் நின்று அவன் என்னைத் திட்டியதில்லை.
அவன் மூச்சில் என் ஈஸ்ட் வாசனை.

பிறகு வழக்கம்போலக் கதவுக்குப் போனான்.
நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.
சத்தம் வரவில்லை.
திறந்து பார்த்தால்,
இரண்டு கையாலும் பிடித்து
உறங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல்
கதவைச் சட்டத்தில் விட்டுக்கொண்டிருக்கிறான்,
வெளியே போக மறந்து,
உள்ளே நின்றபடி.

கீழ்வீட்டு தியோஃபிலா, எங்கள் சண்டைக்கெல்லாம்
கரண்டியால் தண்ணீர்க் குழாயைத் தட்டுகிறவள்,
மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்தாள்.
"ஒரு சத்தத்தையும் காணோமே!
யாருக்கு என்ன ஆச்சு?"
உதட்டில் விரல் வைத்து
"மாவு" என்றோம், இருவரும் ஒன்றாக.
அவள் செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

போர்வையைத் தூக்கினேன்.
கிண்ணத்தை விட்டு வழிந்து
அவன் தலையணையைத் தொட்டிருந்தது மாவு.
சுரண்டி எடுத்தோம். சிரிக்கவில்லை.

மூன்று வடமாக உருட்டிப் பின்னினேன்,
பள்ளிக்கு நேரமான பிள்ளைக்குச் சடை போடுவதுபோல
இழுத்து, இறுக்கி.
அதுதான் தப்பு.
அடுப்புக்குள் ஹாவ்கா ஒரு பக்கம் வெடித்துவிட்டது,
பொன் முதுகில் வெளுத்த ஒரு வாய்.
மேலே தூவிய வெண்ணெய்ச் சர்க்கரைத் துகளெல்லாம்
சரிந்து அந்தப் பிளவில் குவிந்திருந்தது.

அவன் வெடித்த பக்கத்தைப் பிய்த்தான்.
வருத்தத்திலா,
இனிப்பு அங்கேதான் அதிகம் என்று தெரிந்தா,
கேட்கவில்லை நான்.
இன்னொரு துண்டைத் தாளில் சுற்றினான்.
அது யாருக்கு என்று கேட்கவும் வேண்டியதில்லை.
"நாலாயிரத்து ஒன்று" என்றேன்,
சத்தமாகவே.

திங்கட்கிழமை காலை.
ரொட்டிப் பெட்டியில் துகள் மட்டும்.
கதவு அறைந்தது.
கீழே யாரோ கரண்டியைத் தேடி எடுத்தார்கள்.