புகை வராத புகைபோக்கி

முதல் கையெழுத்தை ஏழாம் எண் சலவை இயந்திரத்தின்மேல் வைத்துப் போட்டேன்.
யாருடைய போர்வைகளோ உள்ளே பிழிபட்டுக்கொண்டிருந்தன.
அதனால்தான் வால்டெமார் குயின்டால் என்ற என் பெயர்
அந்தத் தாளில் நடுங்குகிறது.
பயமில்லை. இயந்திரம்.

ஃபால் ரிவரில், ஆற்றைப் பார்த்த மூன்று மாடி.
கூரையில் ஒரு மூலைக்கு மாதம் எண்ணூறு டாலர்.
காற்றைத் தவிர அங்கே என்ன விளைகிறது என்று
நானும் டெல்மினாவும் சிரித்தோம்.
கிரேன் வந்தது.
செங்கல்போல் சாயம் பூசிய ஃபைபர் புகைபோக்கியை இறக்கி
அதன் வயிற்றுக்குள் ஆன்டெனாக்களை ஒளித்தார்கள்.
ஊரே அதன் வழியாகப் பேசியது.
கடற்காகங்கள் ஒரு குளிர்காலம் ஏமாந்தன,
பிறகு சூட்டுக்கு வேறு கூரை பார்த்துக்கொண்டன.

பதினோராம் ஆண்டு மூன்றாம் மாடி ஒழுகியது.
சொஃபியாப் முதலில் சட்டியை வைத்தாள், பிறகு வாளியை.
கூரைக்காரனோடு படியேறினேன்.
கதவில் அவர்கள் பூட்டு.
பிரிவு ஒன்பது: அறுபது நாள் முன்னறிவிப்பு.
மழை அதில் கையெழுத்திடவில்லை.

பிறகுதான் மற்றதையும் படித்தேன்.
இன்னோர் அடி உயரம் நான் கட்டக் கூடாது.
அவர்கள் முப்பது நாளில் போகலாம்,
நான் இருபத்தைந்து ஆண்டில்.
வாடகை எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது.
மேலே சொல்லிவிட்டேன். மறந்துவிடுங்கள்.

பிராவிடன்ஸிலிருந்து கெர்ஸ்டன் ஆல்பாக் வந்தாள்.
குத்தகையை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம், ஒரே காசோலை.
கூரைக்குக் காணும், டெல்மினாவின் முழங்காலுக்கும் காணும்.
ஆனால் பிரிவு பதினான்கு:
விற்பதானால் முதலில் எங்களைக் கேள்.
கேட்டேன்.
ஊரையே பேசவைக்கிறவர்கள் வாய் திறக்கவில்லை.
இருபத்தொன்பதாம் நாள், மாலை நாலரைக்கு ஒரு வரி:
அதே விலைக்கு நாங்களே.
கெர்ஸ்டன் தன் பேனாவை மூடினாள். பாவம், நல்ல பேனா.

புதுத் தாளில் தொண்ணூற்றொன்பது ஆண்டு.
கூரையும், அதற்கு மேலுள்ள வெளியும்,
தேவைப்படும் உயரம்வரை.
தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன.
ஆனாலும் இம்முறை ஏழாம் எண்ணை நிறுத்தினேன்.
ஒரு பையன் ஈர ஜீன்ஸை நினைத்து முறைத்தான்.
நாற்பத்தொரு பக்கம், விரல் வைத்து.
ஒரே ஒரு திருத்தம் கேட்டேன்:
என் கூரைக்கு நான் ஏற வேண்டும்.

எதற்கு, என்றார் அவர்கள் வக்கீல்.
இரண்டு வாரம் இழுத்துச் சம்மதித்தார்கள்:
எழுத்தில், நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாக, காரணத்தோடு.

புதுக் கூரை வந்தாயிற்று.
சொஃபியாப்பின் வாளி இப்போது துணிக்கிளிப் போட ஆகிறது.
நேற்று முதல் கடிதம் எழுதினேன்.
பெயர் ஆடவில்லை.
காரணம் என்ற கோட்டில்தான் பேனா நின்றுவிட்டது.
ஒழுகலும் இல்லை, பழுதும் இல்லை.
'பார்க்க' என்று எழுதினேன்.

எதை என்று இன்னும் கேட்கவில்லை.