தணிக்கைப் பத்தி 17-க்கான பதில்

ஐயா,
"நகராட்சி எல்லைக்கு வெளியே
நாற்பத்திரண்டு லிட்டர் டீசல்
எந்த ஆணையின் பேரில் எரிக்கப்பட்டது?"
என்று பச்சை மையில் கேட்டிருக்கிறீர்கள்.

ஆணை போனில் வந்தது.
ஐப்பசி இருபத்தொன்று, இரவு பதினொன்று பத்து.
உசிலம்பட்டியில் கண்மாய்க் கரை உடைந்து
ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறையில்
இரண்டாம் படி ஏறிவிட்டது தண்ணீர் என்று
அந்த நகராட்சியின் குழாய் பிட்டர் ஒச்சப்பன் சொன்னார்.
எங்கள் பொறியாளர் கொட்டாவியோடு
"போயிருங்கப்பா,
பேப்பர அப்புறம் பாத்துக்கிருவோம்" என்றார்.
அந்த அப்புறம்தான் ஐயா இது.

சோலைமலை வண்டி எடுத்தார்.
பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி பரக்கத்துல்லா,
தலையில் உரச்சாக்கு.
முன்சீட்டில் நான், மடியில் லாக் புத்தகம்.
திருமங்கலம் ரயில்வே கேட்டில்
பதினான்கு நிமிடம் நின்றோம்.
இன்ஜினை அணைக்கவில்லை.
அணைத்தால் திரும்பப் பிடிக்காது;
பேட்டரி கேட்டு எழுதிய கடிதம்
மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது.
ஆகவே ஒரு லிட்டர், தோராயமாக,
ரயில்வே கணக்கு.

செக்கானூரணி தாண்டியதும் ரோடு இல்லை.
புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டையை
ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு
அவற்றின் நடுவே போனார் சோலைமலை.

போய் இறங்கினால்,
எங்கள் குழாய் நாலு அங்குலம்,
அவர்கள் குழாய் மூன்று.
ஒரே அரசு, ஒரே டெண்டர் படிவம்.
பக்கத்துப் பக்கத்து ஊர்கள்
ஒன்றோடொன்று பொருந்திவிடாதபடி
யாரோ கவனமாய் அளவெடுத்திருக்கிறார்கள்.

பவுன்தாய் என்ற தூய்மைப் பணியாளர்
பஞ்சர்க் கடைக்காரரை எழுப்பி
பழைய டியூபில் ஒரு முழம் அறுத்து வந்தார்.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
இரண்டு வாயையும் சேர்த்து
சணலால் இறுக்கினார்,
வைக்கோல் கட்டுக்குப் போடுகிற முடிச்சு.
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
(கொஞ்சம் ஒழுகியது.
பதிவேட்டில் சரியாக இருக்கவேண்டும்.)

விடியும்வரை ஓடியது மோட்டார்.
மேலே வார்டில் விளக்கு
ஒருமுறை சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
யாரோ எங்களையே பார்த்தார்கள்.
எந்த ஊர் வாக்காளர் என்று
நாங்கள் விசாரிக்கவில்லை.

இன்னொன்றும் சேர்க்க அனுமதி வேண்டும்.
போன சித்திரையில் நமது குடிநீர்க் குழாய் வெடித்து
ஒன்பது நாள் ஊரே குடத்தோடு நின்றபோது
தினமும் இரண்டு லாரி வந்தது அங்கிருந்து.
அந்த ஊர்க் குழாயிலேயே
வாரத்துக்கு ஒருமுறைதான் வரும்.
வால்வைத் திறந்துவிட்டது இதே ஒச்சப்பன்.
"யாரு குடம்னு பாத்தா ஊத்துறது?"
அந்த வரவுக்கு எங்களிடம் சீட்டில்லை.
அதைக் கேட்டு
எந்தத் தணிக்கையும் பத்தி எழுதியதில்லை.

ரசீது இணைக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.
திரும்புகையில் அவர்கள் எல்லையில்
சேற்றில் சாய்ந்து நின்றது பலகை:
"நன்றி, மீண்டும் வருக."
படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

டீசல் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கலாம்.
மூன்று பேருக்கும் சமமாக, தவணையில்.

மோட்டார் டியூபோடுதான் திரும்பியது.
பரக்கத்துல்லா கழற்ற விடவில்லை.
இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்:
டயர் டியூப் துண்டு, ஒன்று.
உசிலம்பட்டிக்குச் சொந்தம்.
திருப்பித் தரவேண்டிய நாள் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
தாங்கள்தான் சொல்லவேண்டும்.