சீனி என்பது என் பெயர்

வாப்பா வைத்த பெயர் சீனி உதுமான்.
தொண்டி நண்டு கம்பெனித் தராசில்
பதினாறு வருஷமாய் வெறும் சீனி.

"சீனிக்கே சீனியா?"
முதல் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
முந்நூற்று எண்பத்திரண்டு.
நண்டென்றால் நல்ல எடை.

இருமல் அப்புறம் வந்தது.
இருமலுக்குப் பயந்தேன், இதற்குப் பயப்படவில்லை.
ஆறு மாதம் நெஞ்சு மாத்திரை
ஒரு நாள் விட்டதில்லை, அல்லா சாட்சி.
சீனி மாத்திரையைத்தான்
ஏலம் பிந்திய நாட்களில் மறந்தேன்,
கல்யாண வீடுகளில் மறந்தேன்,
கீழக்கரையிலிருந்து தொதல் வந்த வாரம்
வேண்டுமென்றே மறந்தேன்.

எங்கள் தெருக் கிணற்றில் உப்பு ஏறியதை
யாரும் பார்க்கவில்லை.
ஒரு கோடையில் சோறு கரித்தது.
அதற்கப்புறம் குடம் பன்னிரண்டு ரூபாய்.
எனக்குள்ளும் அப்படித்தான் ஊறியிருக்கிறது,
ருசி மட்டும் வேறு.

ஏழாம் மாதம் இருமல் திரும்பியது.
முனியசெல்வி ஸ்கூட்டியை அணைக்காமலே
கொல்லைப்பக்கம் வரச் சொன்னாள்.
"அண்ணே, இந்தக் கிருமி பழைய மருந்துக்கு மசியல."
தப்பிய மீன்
கண்ணியின் அளவைப் படித்துக்கொள்ளும் என்று
எனக்குச் சொல்லவா வேண்டும்.

"சர்க்கரையைக் கட்டாம விட்டதும்
ஒரு காரணமா இருக்கலாம்."
"இருக்கலாமா, இல்ல இருக்கா?"
"இருக்கலாம்ணே."
எடை போடுகிறவனுக்குப்
பிடிக்காத சொல் அது.

புது மாத்திரைகளில் கறுத்துப்போனேன்.
சவூதியில் சம்பாதித்த முகம் என்கிறாள் ரஜபு நிஷா,
சம்பாத்தியம் எங்கே என்றும் கேட்கிறாள்.
காலையும் ராத்திரியும்
ஊசியை அவள்தான் போடுகிறாள்,
பிஸ்மி சொல்லி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
பாதம் இரண்டும் பஞ்சு.
சீனி செய்ததா, மாத்திரை செய்ததா?
ராமநாதபுரம் டாக்டர் பேனாவை மூடிவிட்டு
இரண்டும்தான் என்றார்.

சளியில் கிருமி இல்லையென்று தாள் வந்தபின்
தராசுக்குத் திரும்பினேன்.
என் டீ கிளாஸ் மட்டும்
இன்னும் தனியாக ஆணியில் தொங்குகிறது.

நேற்று, கூடையிலிருந்து நழுவிய ஒன்று
என் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரமாய் என்று தெரியாது.
பையன்கள் கத்தித்தான் குனிந்தேன்.
ரத்தம் இருந்தது. வலி
வேறு யாருக்கோ.

கொடுக்கைப் பிரித்து
பழக்கத்தில் தராசில் வைத்தேன்.
இருநூற்றுப் பத்து.
காலையில் விரல் குத்திப் பார்த்தபோது
நான் நூற்று எண்பது.

இன்றைக்கு நண்டுதான் கனம்.