மீற்றருக்குத் தெரியாத தூரம்

ஐந்து நாளில் என் ஓட்டோ
ஒன்றரைக் கிலோமீற்றர் போயிருக்கிறது,
சாவியைத் திருப்பாமல்.
இடது கை ஹேண்டிலில், வலது தோள் கம்பியில்.
மீற்றரில் இன்னும்
போன கிழமைச் சவாரியின் காசு.

கண்ணாடியில் சோக்கால் எழுதியிருக்கிறார்கள்:
இருநூற்றுப் பதினேழு.
தவமலர், மட்டிக்களி,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றி இறக்குகிறவள்
என்பதெல்லாம் போய்
இப்போது பெயர் அதுதான்.
"இருநூற்றிப் பதினேழு, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

சீனக்குடாக் காட்டுக்குள்ளே
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தெருவையே குடிவைக்கலாம்.
அந்தத் திசையைப் பார்த்து
வரிசையில் யாராவது ஒருத்தர் தினமும் காறித் துப்புவார்.
பியசிறி சிங்களத்தில் ஏதோ சொல்வான்,
பாதிதான் விளங்கும்,
முழுதாய்ச் சிரிப்பேன்.

ஐஸ் கரைந்து நாறும் ஜவாஹிரின் கூலர் லொறி என்றால்
கிண்ணியாவில் அடுப்பெரியாத பன்னிரண்டு வீடு.
எனக்கு முன்னால் ஒரு வெள்ளை வான்.
முதல் நாள் அதன் பின்னால் நிற்க
எனக்குக் கால் கூசியது,
கதவு திறக்கும் சத்தத்துக்கே திடுக்கிட்டேன்.
டியூஷன் வாத்தியாருடையதாம்.
உள்ளே கரும்பலகையும் இரண்டு வாங்கும்.

இரவில் கோட்டைப் பக்கத்து மான்கள் வரும்.
டோக்கன் இல்லை,
கடைசி இலக்கம் என்ன என்ற கேள்வி இல்லை.
பம்பருக்கும் பம்பருக்கும் இடையால் நடந்து
நாங்கள் சாப்பிட்டெறிந்த லஞ்ச் ஷீற்றைத்
தின்றுவிட்டுப் போகும்.

ஆறாம் நாள் பத்து மணிக்குப் பிரேத வண்டி வந்தது.
வந்தது என்ன, வந்து நின்றது,
அத்தோடு அதன் மூச்சும் நின்றது.
உள்ளே யுவாக்கீன்.
டிப்போவில் முப்பத்தொரு வருஷம், கொழும்பு இரவு பஸ்.
பாலையூற்றில் குழி வெட்டியாயிற்று.
"போனவருக்கு என்ன அவசரம்" என்றான் ஒருத்தன்.
அவன் மனைவியே அவன் முதுகில் அறைந்தாள்.
ஷெட்காரன் நம்பர் பிளேற்றைக் குனிந்து பார்த்தான்:
"ஏழில முடியுது. நாளைக்குத்தான்."

ஒரு ரப்பர் குழாய் கைமாறியது.
வாத்தியார் உறிஞ்சித் துப்பி அரைக் கோப்பை.
பியசிறி ஒரு கோப்பை.
குழாய் என்னிடம் வந்தது.
"வறண்டுபோச்சு" என்றேன்.
பின் சீற்றுக்கடியில், பிள்ளையின் பழைய சட்டை சுற்றி,
சோடாப் போத்தலில் முக்கால்வாசி கிடந்தது.
சின்னவனுக்கு இழுப்பு வரும்,
நடுச்சாமத்தில்தான் வரும்.
இது நியாயமில்லை, நடந்தது.

சேர்ந்தது போதவில்லை.
வண்டி இரண்டு தரம் இருமியது, எழும்பவில்லை.
"அப்ப தள்ளுவம்" என்றார் ஜவாஹிர்.
நானும் தள்ளினேன்.
எல்லாரையும்விட ஊன்றித் தள்ளினேன்.
ஐந்து நாள் பழகிய தோள்.
அனுராதபுரச் சந்தி மட்டும்
ஹோர்ன் இல்லை, பாட்டில்லை,
இருபது சோடிச் செருப்பின் சத்தம்.
சந்தியில்
கந்தளாய்க்கு வைக்கோல் ஏற்றிய ட்ரக்டர் ஒன்று
கயிறு கொடுத்தது.
யுவாக்கீனின் மகள் என் கையைப் பிடித்தாள்.
மெல்ல இழுத்துக்கொண்டேன்,
பெற்றோல் மணக்குமோ என்று.

திரும்பி வந்தபோது
என் ஓட்டோ விட்ட இடத்தில் இல்லை.
நாலு இடம் முன்னால் நின்றது.
யாரோ ஹேண்ட்பிரேக்கை இறக்கித்
தள்ளிவிட்டிருக்கிறார்கள்.
போத்தல் உருண்டிருக்க வேண்டும்.
பின் சீற்றைத் தூக்கிப் பார்த்தேன்.
படுத்துக் கிடந்தது
மூலையில் நிமிர்ந்து நின்றது,
மூடி இறுக்கி,
சட்டை மடித்துப் பக்கத்தில்.

நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.
வாத்தியாரின் வான் நகர்ந்தது.
பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாய்:
"இருநூற்றிப் பதினேழு, தள்ளுங்கோ."