மீனின் வாயில் சீட்டு

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி மாடியில்
பத்தொன்பது பேரை உள்ளே விட்டுப் பூட்டினேன்.
படகுச் சங்கத்துக்குத் தலைவர் கிடைக்கும்வரை
எவரும் இறங்கக் கூடாது.
போன வருஷம் நாற்காலிகள் பறந்த பிறகு
அவர்களே எழுதிக்கொண்ட விதி.

எனக்குச் சாப்பாட்டுச் சோதனை.
வடையைப் பிட்டுப் பார்ப்பேன்
இட்லியைக் கிள்ளுவேன்
சாம்பாரில் கரண்டி விட்டுத் துழாவுவேன்.
மன்னித்துக்கொள்ளுங்கள், முருங்கைக்காயையும் பிளந்தேன்.

ராயபுரம் கோயில் அலமாரியில்
அட்டை போன புத்தகம் ஒன்றில் படித்தது:
ஐந்நூறு வருஷத்துக்கு முன் ரோமாபுரியில்
கர்தினால்மாரை அடைத்துவைத்த நாட்களில்
கடுதாசி ஏதும் நுழைகிறதா என்று
வாசலில் நின்று உணவைக் கிளறினார்களாம்.
மூன்று நாள் கடந்தால் ஒரே பதார்த்தம்.
அதற்கும் மசியாவிட்டால்
ரொட்டி, தண்ணீர், கொஞ்சம் திராட்சை ரசம்.
பரிசுத்த ஆவிக்குப் பசியை
உதவியாளாகப் போட்டவர்கள்
விவரமானவர்கள்.
அந்த அறைக்கு லத்தீனில் வைத்த பெயருக்கு
'சாவியோடு' என்றுதான் அர்த்தம்.

எங்களுக்கு முதல் நாள் பிரியாணி.
இரண்டாம் நாள் சாம்பார் சாதம்.
மூன்றாம் நாள் பன்னும் டீயும்.

கீழே ஏலக்கூடத்தில் பந்தயம் ஓடியது.
ஐந்து விசைப்படகு எஸ்தாக்கிக்கு ஒன்றுக்கு ஒன்று.
தேசப்பனுக்கு ஒன்றுக்கு மூன்று.
இருமல்காரர் கபிரியேலுக்குக் கட்ட ஆளில்லை.
பந்தயம் கட்டினால் சபை விலக்கு என்று
அந்தக் காலத்துப் போப் ஒருவர் ஆணை போட்டார்.
இங்கே ஆணை போட வேண்டிய ஆளைத்தான்
மாடியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரியில் கழிவறைக் குழாய் நிற்காமல் ஓடியது.
குளித்தவர் எவருமில்லை.
ரோமிலும் பேரம் அங்கேதான் படிந்ததாம்
என்று படித்தபோது சிரித்தேன்.
இப்போது குழாய்ச் சத்தத்துக்கு நடுவே
எஸ்தாக்கியின் குரலும் தேசப்பனின் குரலும்
ஒன்றாகக் கேட்டன.
"ரெண்டு பேருக்கும் வேணாம்.
கெழவன வையி.
எத்தினி நாளு இருக்கப் போறான்?"

இதுவும் புத்தகத்தில் உண்டு.
இழுபறி நீண்டால் நோயாளியைப் பார்ப்பார்கள்.
சவப்பெட்டியின் அளவில்
பதவிக்காலத்தைத் தைப்பார்கள்.

கபிரியேலுக்கு மட்டும் மருந்துச் சாப்பாட்டுச் சலுகை.
அன்றிரவு தூக்கில் முழுசாய் வறுத்த சங்கரா.
வாயை ஈர்க்குச்சியால் தைத்திருந்தது.
வரி கட்ட வழியில்லாத ராயப்பருக்கு
மீனின் வாயில் காசு கிடைத்தது.
எனக்குக் கிடைத்தது
எண்ணெய் ஊறிய ஒரு சீட்டு.
பிரகாசியம்மாளின் கோணல் எழுத்து:

'தலைவராக்குறோம்னா ஒத்துக்காத.
ரிப்போர்ட் வந்துட்ச்சி.
உன்னாண்ட சொல்ல வேணாம்னாரு டாக்டரு.
நான் சொல்லல.
வூட்டுக்கு வந்துடு.'

விதிப்படி கிழித்தெறிய வேண்டும்.
கிழிக்கவில்லை.
உள்ளேயும் அனுப்பவில்லை.
சட்டைப் பையில் வைத்தேன்.
மீனை மட்டும் அனுப்பினேன்
வாய் திறந்தபடி.

விடிகாலை. பதினெட்டு ஓட்டு.
வாக்குச் சீட்டுகளைப் பெயின்ட் டப்பாவில் கொளுத்தினார்கள்.
டீசல் துணி ஒன்றும் சேர்ந்து எரிந்ததால்
கரும்புகை கிளம்பியது.
கீழே எவனோ கத்தினான், "இன்னும் முடியல!"
டீக்கடையில் மறுபடி பந்தயம் தொடங்கியது.

மேலே கேட்டார்கள்: "ஒத்துக்குறியா?"
கபிரியேல் இருமினார்.
இருமல் அடங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.
பிறகு, யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு.
நாற்பது வருஷம் மற்றவர் படகில் வலை இழுத்தவர்,
சொந்தமாய் ஒரு பழைய கட்டுமரம்தான்.
"ஒத்துக்குறேன்" என்றார்.

கதவைத் திறந்தேன்.
முதல் ஆளாக வெளியே வந்தவர்
என் முன்னால் நின்று கையை நீட்டினார்.
விரல்களில் இன்னும் சங்கரா வாசம்.
"சாவிய குடு."

சாவியைக் கொடுத்தேன்.